அவோபென்சோன் வெயிலில் செத்துப்போகுமா? டியூபின் பின்பக்கம் படித்துப் பயந்தவள் கேட்கிறேன்

பல்லாவரம் ஸ்கூட்டி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வந்து படித்துவிட்டு மட்டும் போவேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

காலை எட்டரைக்குப் பல்லாவரத்தில் வண்டியை எடுத்தால் கிண்டி ஆபீஸ் போய்ச் சேர ஒன்பதேகால் ஆகும். சாயங்காலம் ஐந்துக்குத் திரும்புவேன். ஜிஎஸ்டி ரோடு இருக்கும் வாகுக்குப் போகும்போதும் வெயில் வலது கன்னத்தில்தான், வரும்போதும் வலது கன்னத்தில்தான். அந்தப் பக்கம் மங்கு விழ ஆரம்பித்துவிட்டது. பொங்கல் வாரத்தில் ஒரு சன்ஸ்கிரீன் வாங்கி அன்றிலிருந்து தினமும் விடாமல் போடுகிறேன். எஸ்பிஎஃப் 50, பிஏ+++ என்று போட்டிருக்கிறது. ஆனால் மங்கு அப்படியேதான் இருக்கிறது.

நேற்று ஒரு வீடியோவில் அவோபென்சோன் என்ற பொருள் வெயில் பட்டதும் உடைந்துவிடும், கூட ஆக்டினாக்சேட் இருந்தால் இன்னும் மோசம் என்று சொன்னார்கள். ஓடிப்போய் டியூபைத் திருப்பிப் பார்த்தேன். எத்தில்ஹெக்ஸைல் மெத்தாக்ஸிசின்னமேட், அப்புறம் பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன், கடைசியில் டைட்டானியம் டைஆக்சைடு. முதல் இரண்டும் அந்த வில்லன்களின் முழுப்பெயராம். ஆக்டோக்ரைலீன் இருந்தால் தப்பிக்கும் என்றார்கள், அது இல்லை.

இன்னொரு சந்தேகம். வெள்ளைக் குர்தா மூன்றில் கழுத்துப் பட்டியின் உள்பக்கம் ஆரஞ்சுக் கறை. போடும்போது தெரியாது, துவைத்த பிறகுதான் தெரிகிறது. அதுவும் இதனாலா?

டியூபைத் தூக்கிப் போட்டுவிடலாமா, சொல்லுங்கள்.

---

நாலாம் கேட் | திங்கள், இரவு 10.05

தூக்கிப் போடு தாயி. ஜிங்க், அதாவது துத்தநாக ஆக்சைடு கிரீம் வாங்கு. கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடித்துவிடும், கெமிக்கல் கிடையாது, உடைவதும் கிடையாது.

---

குடுவை | திங்கள், இரவு 11.20

மேடம், அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கிரீம், லோஷன் செய்முறை போடும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன், சன்ஸ்கிரீனில் மட்டும் ஆறு வருடம். எந்த பிராண்டுக்காகவும் பேசவில்லை.

அந்த வீடியோ சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை.

சன்ஸ்கிரீனில் புற ஊதாக் கதிரைத் (யுவி) தடுக்கும் பொருளுக்கு யுவி ஃபில்டர் என்று பெயர். அதன் வேலை, கதிரின் ஆற்றலை வாங்கிக்கொண்டு அதைச் சூடாக வெளியே விட்டுவிடுவது. கொதிக்கிற பாத்திரத்தை வெறும் கையில் வாங்கினால் உடனே கீழே வைத்துவிட வேண்டும், வைக்கத் தாமதமானால் கை வெந்துவிடும். மூலக்கூறுக்கும் அதே கதைதான். பெமோட்ரிசினால் மாதிரியான ஃபில்டர்கள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு நேரத்துக்குள் இறக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிடும். அதன் உடம்புக்குள்ளேயே ஒரு ஹைட்ரஜன் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாவித் திரும்பும், அந்தத் தாவலில் ஆற்றல் சூடாகக் கழிந்துவிடும்.

அவோபென்சோனுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஈனால் வடிவத்தில் இருக்கும்போது 357 நானோமீட்டர் பக்கம், அதாவது யுவிஏ என்ற நீள அலைப் புற ஊதாக் கதிரின் நட்டநடுவில், அருமையாக உறிஞ்சும். மங்குக்குக் காரணமான கதிரும் அங்கேதான். ஆனால் வெயில் பட்டால் அதில் ஒரு பகுதி கீட்டோ வடிவத்துக்கு மாறிவிடும். கீட்டோ உறிஞ்சுவது 260-க்குப் பக்கத்தில். அந்தக் கதிரை ஓசோன் மேலேயே நிறுத்திவிடுகிறது, தரைக்கு வருவதே இல்லை. வராத திருடனுக்குக் காவல் நிற்கிற மாதிரி. கொஞ்சம் பழையபடி ஈனாலாகத் திரும்பும், கொஞ்சம் அப்படியே துண்டுதுண்டாக உடைந்துபோகும். எவ்வளவு உடையும் என்பது எதில் கரைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சைக்ளோஹெக்சேனில் வேகமாகச் சிதையும், மெத்தனாலில் ஏறக்குறையத் தாக்குப்பிடிக்கும். ஒரே மூலக்கூறுதான். அதனால் "அவோபென்சோன் இத்தனை நிமிடத்தில் போய்விடும்" என்று ஒற்றை எண் சொல்கிறவரிடம், எந்த எண்ணெயில் கரைத்தது, கூட என்ன இருந்தது என்று கேளுங்கள்.

ஆக்டினாக்சேட்டோடு சேர்த்தால் கூடுதல் தொல்லை என்பது உண்மை. வெயிலில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து இரண்டுமே வீணாகும். இந்தக் கூட்டணியைக் கட்டிப்போட வழிகள் உண்டு. ஆக்டோக்ரைலீன் ஒன்று: அவோபென்சோன் சுமந்து நிற்கும் ஆற்றலைக் கைமாற்றி வாங்கிக்கொள்ளும். பெமோட்ரிசினால் சேர்த்தால் அவோபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டுமே நன்றாக நீடிக்கின்றன என்று 2001-லேயே ஆய்வு வந்துவிட்டது. உங்கள் டியூபில் இரண்டும் இல்லை என்கிறீர்கள். நான் அந்தச் செய்முறையைப் போட்டிருக்க மாட்டேன். ஆனாலும் உங்கள் மங்கு குறையாததற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கவில்லை. அதற்கு முன் ஒரு கேள்வி: டியூப் எத்தனை கிராம்? இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

கறைக்கு நாளை பதில் சொல்கிறேன். வீட்டில் போர் தண்ணீரா?

---

பல்லாவரம் ஸ்கூட்டி | செவ்வாய், காலை 7.10

50 கிராம் சார். அடியில் கொஞ்சம் இருக்கிறது, இந்த வாரம் தீர்ந்துவிடும். ஆமாம், போர் தண்ணீர்தான். பக்கெட்டின் அடியில் செம்மண் கலரில் படியும்.

---

சந்தேகப்பிராணி | செவ்வாய், காலை 8.30

குடுவை சார், எனக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு சீக்கிரம் உடைகிற பொருளை வைத்து எஸ்பிஎஃப் 50 என்று அட்டையில் எப்படிப் போடுகிறார்கள்? பூசின முதல் நிமிடத்தில் அளக்கிறார்களா? அப்படியானால் ஏமாற்றுத்தானே?

---

குடுவை | செவ்வாய், மதியம் 1.15

நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. எஸ்பிஎஃப் சோதனையே மனிதத் தோலில் நடப்பது. முதுகில் பூசி, செயற்கைச் சூரிய விளக்கைக் காட்டி, தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். 50 மடங்கு கதிர் உள்ளே போகப்போக ஃபில்டர் உடைந்துகொண்டேதான் இருக்கும். அதாவது சோதனை நடக்கும்போது நேரும் சிதைவின் நஷ்டம் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆனால் சிவப்பது பெரும்பாலும் யுவிபி என்ற குறுகிய அலைப் புற ஊதாக் கதிரால். யுவிஏ பக்கம் ஓட்டை விழுந்தாலும் எஸ்பிஎஃப் எண் அதைப் பெரிதாகக் காட்டிக் கொடுக்காது.

யுவிஏவுக்கு ஆய்வகத்திலேயே செய்யும் ஒரு முறை இருக்கிறது, ஐஎஸ்ஓ 24443. சொரசொரப்பான ஒரு சின்ன பிளாஸ்டிக் தகட்டில் விரலால் பூசி, முதலில் ஒரு தடவை அளப்பார்கள். அப்புறம் அந்தத் தகட்டையே விளக்கின் கீழ் வைத்து வாட்டுவார்கள். எவ்வளவு வாட்டுவது என்பதும் அந்தப் பொருளின் யுவிஏ எண்ணைப் பொறுத்தது: அதிகம் காப்பேன் என்று காட்டியவன் அதிகம் வாட்டப்படுவான். வாட்டிய பிறகு வரும் எண்தான் கணக்கில் சேரும். நான் முதன்முதலில் போட்ட அவோபென்சோன் செய்முறை வாட்டுவதற்கு முன் 20-ஐத் தாண்டியது, வெளியே எடுத்து அளந்தால் 7. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐரோப்பாவில் யுவிஏ எண், எஸ்பிஎஃப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். அப்படி இருந்தால் யுவிஏ என்று வட்டத்துக்குள் போடுவார்கள். பிஏ என்பது யுவிஏ எண்ணைக் காட்ட ஜப்பான்காரர்கள் 1996-இல் கொண்டுவந்த குறியீடு, நான்காவது கூட்டல் குறி 2013-இல் சேர்ந்தது. மூன்று கூட்டல் என்றால் 8 முதல் 16-க்குள், நான்கு என்றால் 16 அல்லது அதற்கு மேல். மங்கு இருப்பவர்கள் எஸ்பிஎஃப் 50-ஆ 70-ஆ என்று மண்டையை உடைப்பதைவிட இந்தப் பக்கம் பார்ப்பது புத்திசாலித்தனம்.

---

நாலாம் கேட் | செவ்வாய், மதியம் 2.00

அதற்குத்தான் சொன்னேன், ஜிங்க் என்று. இந்த வாட்டல் வதக்கல் எதுவும் வேண்டாம்.

---

குடுவை | செவ்வாய், மாலை 6.45

நாலாம் கேட் அண்ணா, ஜிங்க் கண்ணாடி இல்லை. யுவி கதிரில் ஏதோ நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் அது திருப்பி அனுப்புகிறது, மீதியை மற்றவை மாதிரியே உறிஞ்சத்தான் செய்கிறது. அது தானாக உடையாது என்பது சரி. ஆனால் வெயிலில் அதன் மேற்பரப்பு சும்மா இருக்காது, பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும். டைட்டானியமும் அப்படியே. அதனால்தான் அந்தத் துகள்களுக்குச் சிலிக்கா, அலுமினா என்று மேலே ஒரு சட்டை போட்டு விடுகிறோம். 2021-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள், மற்ற ஃபில்டர்கள் இருந்த கலவைகளில் துத்தநாக ஆக்சைடைச் சேர்த்து இரண்டு மணி நேரம் கதிர் காட்டியபோது யுவிஏ பாதுகாப்பு 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. சேர்க்காதபோது அவ்வளவு இல்லை. "கொஞ்சம் ஜிங்க்கும் இருக்கிறது, நல்லதுதானே" என்று நினைக்கிற கலவையில்தான் இந்த விஷயம் கடிக்கும்.

ஜிங்க் மட்டுமே இருக்கும் கிரீம் நல்லதுதான். நம் வீட்டுக் கேலமைன் பாட்டிலில் இருப்பதும் துத்தநாக ஆக்சைடுதான், கொஞ்சம் இரும்பு ஆக்சைடு சேர்ந்து ரோஸ் நிறம். ஆனால் நம் நிறத்தில் அளவாகப் பூசினால் சாம்பல் பூசின மாதிரி இருக்கும், அதனால் எல்லோரும் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்கிவிடுவார்கள். உடையாத ஃபில்டர் முகத்தில் இல்லாமலே போய்விடும்.

---

பிரிஸ்பேன் மாமா | புதன், காலை 6.15

தம்பி குடுவை விளக்கமாகத்தான் எழுதுகிறார். நான் யாழ்ப்பாணத்துக்காரன், பிரிஸ்பேனில் 22 வருசம். இங்கே பள்ளிக்கூடத்தில் தொப்பி இல்லாமல் போன பிள்ளையை விளையாட விடமாட்டார்கள். அப்படி ஒரு நாடு.

எங்களுக்கு வடக்கே நூறு கிலோமீட்டரில் நம்பர் (Nambour) என்று ஒரு ஊர். 1992-இல் அந்த ஊர்ச் சனம் 1,621 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தினமும் தலை, கழுத்து, கை எல்லாம் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றப் பாதிக்கு, உங்களுக்குத் தோன்றினால் பூசுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நாலரை வருசம். தினமும் பூசினவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்று, ஸ்குவாமஸ் செல் என்கிறது, நாற்பது வீதம் அளவு குறைந்தது. பேசல் செல் என்ற மற்ற வகையில் வித்தியாசம் இல்லை. அதற்குப் பத்து வருசம் கழித்துப் பார்த்தபோது மெலனோமா என்ற கொடிய தோல் புற்று, இஷ்டத்துக்கு விட்ட பக்கம் 22 பேருக்கு, தினமும் பூசின பக்கம் 11 பேருக்கு. பேராசிரியர் அடேல் கிரீனின் ஆய்வு. சன்ஸ்கிரீன் புற்றைத் தடுக்கும் என்று உலகம் முழுக்க எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

சரி, அந்த டியூபுக்குள் என்ன இருந்தது தெரியுமோ? ஆக்டினாக்சேட் 8 வீதம், அவோபென்சோன் 2 வீதம். பிள்ளை பல்லாவரம், உங்கட வில்லன்கள் இரண்டு பேரும்தான்.

---

சந்தேகப்பிராணி | புதன், காலை 9.00

அடேங்கப்பா. அப்புறம் எதற்கு இவ்வளவு பேச்சு? எதைப் பூசினாலும் சரி என்று முடித்துவிடலாமே.

---

குடுவை | புதன், மதியம் 12.50

மாமா, தலைவணங்குகிறேன். அந்தக் கலவையைப் பரீட்சையில் யாராவது எழுதினால் நான் சுழித்துவிடுவேன், ஆனால் அது ஒரு ஊரையே காப்பாற்றியிருக்கிறது.

சந்தேகப்பிராணி சார், அப்படி முடிக்க முடியாது. நம்பர்க்காரர்கள் வெள்ளைத் தோல்காரர்கள். அவர்களுடைய பிரச்சினையில் யுவிபிக்குப் பெரிய பங்கு, அதை ஆக்டினாக்சேட் ஓரளவு தாக்குப்பிடித்துச் சமாளித்திருக்கும். நம்மவர்களுக்குத் தோல் புற்று அரிது, நிறம் ஏறுவதுதான் தலைவலி. அதில் யுவிஏதான் பெரிய ஆள், உடைகிற ஃபில்டரும் யுவிஏ பக்கத்து ஃபில்டர். ஆகவே இந்தச் சிதைவு விவகாரம் பிரிஸ்பேனைவிடப் பல்லாவரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் முக்கியம். ஆனால் இரண்டு ஊருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது: தினமும் பூசுவது.

இப்போது அந்த 50 கிராம் கணக்கு. மேடம், பொங்கலிலிருந்து இன்றுவரை சுமார் 150 நாள். 50-ஐ 150-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் முகம், கழுத்து இரண்டுக்கும். எஸ்பிஎஃப் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அந்தக் கணக்கில் முகத்துக்கு மட்டுமே ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் பூசினால் 50 என்ற எண்ணும் குறைந்தது அந்த விகிதத்திலாவது இறங்கும், பல நேரம் அதைவிட மோசமாக. நீங்கள் ஐந்து மாதமாகப் போட்டது 50 இல்லை. பதினைந்தாக இருந்தாலே பெரிய விஷயம். டினோசார்ப் என்ற பெயரில் விற்கும் பெமோட்ரிசினால் உள்ளதை வாங்கினாலும் இந்த அளவில் பூசினால் இதே கதிதான்.

இன்னொன்று. வண்டியில் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக் கட்டுவீர்களா? எந்த ஃபில்டரும் வெயிலில் உடைவதைவிட வேகமாகத் துணி அதைத் துடைத்து எடுத்துவிடும். துணியே நல்ல தடுப்புதான், ஆனால் ஆபீஸ் வாசலில் அவிழ்த்த பிறகு முகத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் இன்னும் நல்லது. அது பாலிகார்பனேட் என்றால் யுவியில் பெரும்பகுதி உள்ளே வராது.

---

பல்லாவரம் ஸ்கூட்டி | புதன், இரவு 9.15

கண்ணாடி முழுக்கக் கீறல் சார், இறக்கினால் எதிரே வருவது பஸ்ஸா பசுவா என்று தெரியாது. மாற்ற வேண்டும். துப்பட்டா கட்டுவேன்தான்.

டியூபை வண்டி டிக்கியிலேயே வைத்திருப்பேன், அதுவும் தப்பா? மே மாதம் திறந்தபோது முதலில் தண்ணீராக வந்தது. குலுக்கிவிட்டுப் போட்டேன்.

---

மங்கு முகம் | வியாழன், காலை 10.20

அக்கா, எனக்கும் மங்குதான், இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம். என் டாக்டர் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும், முக்கியமாக நீலம், நம் மாதிரி நிறத்தில் மங்கைக் கிளப்பிவிடுமாம். சாதாரண யுவி ஃபில்டர் அதைத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு கலந்த நிறம்தான் தடுக்கும். எட்டு மாதத்தில் பாதி குறைந்தது. கூடவே இரவில் ஒரு மருந்தும் இருந்தது, அதனால் எல்லாப் புகழும் கிரீமுக்கு இல்லை.

---

லாரி சீட் | வியாழன், காலை 11.05

ஜன்னல் கண்ணாடி காப்பாற்றும் என்று யாரும் நினைக்க வேண்டாம். யுவிபியை நிறுத்தும், யுவிஏவில் நிறைய உள்ளே வரும். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டியவர் ஒருவரின் படம் 2012-இல் மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கிப்போயிருக்கும். என் மாமாவுக்கு வலது கன்னம், நம் ஊர் ஸ்டீயரிங்.

---

குடுவை | வியாழன், இரவு 8.30

மங்கு முகம் சொன்னது சரி, நானே மறந்துவிட்டேன். இரும்பு ஆக்சைடு வெயிலில் உடைகிற ஜாதியும் இல்லை.

டிக்கி விஷயம்: சூடும் வெளிச்சமும் வேறுவேறு. டிக்கிச் சூட்டுக்கு ஃபில்டர் மூலக்கூறு அவ்வளவு சீக்கிரம் சாகாது. சாவது கிரீம். எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிட்டது, அதைத்தான் தண்ணீராகப் பார்த்தீர்கள். ஃபில்டர் இருப்பது எண்ணெய்ப் பகுதியில். குலுக்கினாலும் பழையபடி சேராது, முகத்தில் ஒரு இடத்தில் தடிமனாகவும் பக்கத்தில் சுத்தமாக இல்லாமலும் படியும். ஆக்டோக்ரைலீன் உள்ள டியூப் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. அது நாளாக ஆகச் சிறிது சிறிதாக பென்சோஃபினோனாக மாறுகிறது என்று 2021-இல் ஒரு ஆய்வு காட்டியது. பழைய டியூபைச் சேர்த்து வைக்காமல் இருப்பது நல்லது. அந்த மிச்சத்தை இப்போது தூக்கிப் போடலாம், மனசார.

கறை: அவோபென்சோன் தண்ணீரில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சுப் பழுப்பாக மாறும். போடும்போது தெரியாமல் துவைத்ததும் தெரிவது அதனால்தான், இரும்பு உங்கள் போர் தண்ணீரில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து முதலில் எண்ணெயை எடுங்கள். பிறகு எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ ஊற்றி அரை மணி நேரம் விட்டு, கேன் தண்ணீரில் அலசுங்கள். பிளீச் மட்டும் வேண்டாம், கறை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும்.

---

சந்தேகப்பிராணி | வெள்ளி, காலை 9.40

கடைசியாக ஒன்று. அட்டையில் போட்டிருக்கும் எண்ணையாவது நம்பலாமா?

---

பிரிஸ்பேன் மாமா | வெள்ளி, மாலை 4.00

போன வருசம், 2025 ஜூனில், இங்கத்தைய நுகர்வோர் அமைப்பு சாய்ஸ் 20 சன்ஸ்கிரீன்களை வாங்கிச் சோதித்தது. எல்லாம் 50, 50+ என்று எழுதினவை. 16 சொன்ன அளவுக்கு வரவில்லை. ஒன்று 4 தான் வந்தது. நான்கு! சட்டம் இறுக்கமான நாட்டில் இந்தக் கூத்து. ஆனாலும் தம்பி, பல டியூப் முப்பது நாற்பது என்று வந்தது. அதைத் தடவாமல் விட்டால் சைபர்.

---

பல்லாவரம் ஸ்கூட்டி | ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. அக்கா வீட்டுக்காரர் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். புது டியூபை எடுத்துக்கொண்டு போய் அவர் தராசில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாளைப் போட்டு அளந்து பார்த்தேன். நான் தினமும் எடுக்கும் பட்டாணி அளவு: 0.31 கிராம். குடுவை சார் கணக்கு அச்சு அசல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகக் கோடு இழுத்து வழித்து வைத்தேன்: 0.88. "தங்கத்தில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்" என்று மாமா சிரித்தார்.

புது டியூபில் பெமோட்ரிசினால் இருக்கிறது, பிஏ++++, நிறமும் கலந்தது. மூச்சு விடாமல் முழுப்பெயரைப் படிக்க மூன்று தடவை முயற்சி செய்தேன். இரண்டு விரல் அளவைப் பூசியபோது முகமெல்லாம் பிசுபிசு என்று இருந்தது, ஐந்து நிமிடத்தில் அடங்கியது. இந்த வேகத்தில் இரண்டு மாதத்துக்குள் டியூப் காலி, பட்ஜெட்டில் துண்டு விழும். ஹெல்மெட் கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு குர்தாவில் எலுமிச்சை வேலை செய்தது. மூன்றாவதை அம்மா இந்த இழையைப் படிக்கும் முன்பே பிளீச்சில் முக்கிவிட்டாள். அது இப்போது வீட்டு உடுப்பு.